கடலோரத்துக் கழிவுநீர்: ராமநாதபுரம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று இந்தப் பக்கம் வீடுகளுக்குக் குழாய் வேலை பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புது வீட்டுக்கு லைன் போடப் போனாலும் சரி, அடைப்பு எடுக்கப் போனாலும் சரி, கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணம், படிவம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதை உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை போட்டுவிட்டார்கள். செப்டிக் டேங்க் நன்றாகத்தானே இருக்கிறது, இணைப்பு வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்கத்தான் வேண்டும். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் வந்தது, அதற்கான விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. குழாய் வசதி வந்த தெருவில் வீட்டுக் கழிவுநீரை அதில் சேர்க்கச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டு.

சொத்து வரி ரசீதோடு விண்ணப்பம், வைப்புத்தொகை, அப்புறம் மாதக் கட்டணம். வீட்டுக்கு ஒரு மாதிரி, கடைக்கும் லாட்ஜுக்கும் வேறு மாதிரி. தெருக்குழியில் இணைக்கும் வேலையை நகராட்சி ஆட்களோ அவர்கள் அனுமதித்தவரோதான் செய்ய வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டைக் கொத்திக் குழாயைச் சொருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரதான குழாயில் ஓட்டை போட்டு நம் குழாயை நீட்டிவிட்டால், உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் தெருவின் துணியெல்லாம் வந்து மாட்டும். கடைசியில் அடைப்பு வருவது உங்கள் வாசலில்தான்.

இணைப்பு கிடைத்ததும் பழைய டேங்க்கை அப்படியே மூடி வைக்காதீர்கள். லாரி வைத்துக் காலி செய்து, அடித்தளத்தை உடைத்துவிட்டு, மணல் போட்டு நிரப்புங்கள். காலி டேங்க்கின் மேல்பலகை இற்றுப்போய்க் குழந்தைகளோ ஆடு மாடோ உள்ளே விழுந்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

எதையெல்லாம் அந்தக் குழாயில் விடலாம்?

கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தொட்டி, துணி துவைத்த தண்ணீர். அவ்வளவுதான். விடக்கூடாதது என்னவென்று கேட்டால் பட்டியல் போடுவதைவிட ஒரு தொட்டியைத் திறந்து காட்டுவது சுலபம்.

போன வருடம் ஒரு வீட்டு வாசலில் ஆய்வுத் தொட்டியைத் திறந்தேன். இரண்டடிக்கு இரண்டடி. மேலே வெள்ளையாக ஓர் ஆடை. பார்க்கத் தயிர் மாதிரி, கம்பியால் குத்தினால் மெழுகு மாதிரி. அது சமையல் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து இறுகியது. அதை உடைத்து எடுத்தால் அடியில் மீன் செதில், செதிலோடு ஒட்டிய தலைமுடி, நாலைந்து நாப்கின், குழந்தைக்குத் துடைக்கிற ஈரத்தாள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சாண் உயரத்துக்குக் கடற்கரை மணல். ஈரத்தாள் பாக்கெட்டில் தண்ணீரில் கரையும் என்று போட்டிருந்ததாம். கரைந்திருந்தால் என்னை ஏன் கூப்பிடப் போகிறார்கள்?

மணல் எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டு அம்மாவுக்கு ஆச்சரியம். முற்றத்தைக் கூட்டிக் கழுவி, அந்தத் தண்ணீரைக் குளியலறை ஓட்டைக்குத் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தார்கள். நம் பக்கம் செருப்பிலும் பாதத்திலும் மணல் இல்லாத வீடு கிடையாது. முற்றத்துத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் அப்படியே. தென்னை மரத்துக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. கிணற்றுக்குப் பக்கத்துத் தென்னையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மாடியில் விழும் மழைத்தண்ணீரையும் அதிலேயே விட்டுவிட்டால் என்ன? ஐப்பசி மழையில் முற்றமெல்லாம் குளமாகிறது.

கூடாது. மழைநீருக்கு வேறு வழி, கழிவுநீருக்கு வேறு வழி என்றுதான் இந்தத் திட்டங்களையே போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைக்கிற கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 430 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர். பத்து நாள் சாக்கடை இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்கிறது. தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் இப்படிச் செய்தால் பம்பிங் ஸ்டேஷன் தாங்காது, தாழ்வான வீட்டுக் கழிப்பறை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வரும். அந்தத் தாழ்வான வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுவார்.

அதோடு, மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். குடிதண்ணீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கிற மாவட்டத்தில், வானத்திலிருந்து சும்மா வருவதைச் சாக்கடைக்கு அனுப்ப எப்படி மனசு வருகிறது என்றே எனக்குப் புரிவதில்லை.

மற்ற ஊர்களைவிட நம் பக்கம் ஏன் இவ்வளவு அடைப்பு, இவ்வளவு நாற்றம்?

பாதிக் குற்றம் நம்முடையது, மீதி நிலத்தினுடையது.

சாக்கடை தானாக ஓட வேண்டுமானால் வினாடிக்கு 0.6 மீட்டராவது வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் மணலும் மலமும் குழாயின் அடியில் படிந்துவிடும். வேகத்துக்குச் சரிவு வேண்டும். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு கொடுத்தாலும் ஒரு கிலோமீட்டர் தெருவின் கடைசியில் குழாய் 5 மீட்டர் கீழே இருக்கும். நம் கடற்கரையோ உள்ளங்கை மாதிரித் தட்டை. ராமேஸ்வரம் தீவில் சில இடங்களில் கையால் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அதனால் ஆழமாகப் போட முடியாமல், கொஞ்சம் தூரத்துக்கு ஒரு பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேலே தூக்கித் தூக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. கரண்ட் போனால் தண்ணீர் நிற்கும்.

அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. நிலத்தடி உவர்நீர் இணைப்புகளின் இடுக்கு வழியாகக் குழாய்க்குள் கசியும்போது இதுவும் உள்ளே வருகிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு குழாயின் மேல்பக்க ஈரத்தில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டைத் தின்னும். பத்து வருடக் கான்கிரீட் தொட்டியின் உள்பக்கத்தை விரலால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காம்பவுண்டுக்குள் சிமெண்டுக் குழாய் வேண்டாம், பிவிசி போடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கமிஷனுக்காக என்று சிலர் நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது, இதுவரை ஒருமுறைகூட நிரம்பவில்லை. நல்ல டேங்க்தானே?

அடிக்கடி வருகிற கேள்விகளிலேயே எனக்கு வயிற்றைக் கலக்குகிற கேள்வி இது. கேட்பவர்கள் பெருமையாகக் கேட்பார்கள்.

நிரம்பாத டேங்க் என்று ஒன்று கிடையாது. நிரம்பவில்லை என்றால் அது ஒழுகுகிறது. நம் கடலோரக் கிராமங்களில் செப்டிக் டேங்க் என்று சொல்வதில் முக்கால்வாசி, மணலில் இறக்கிய சிமெண்டு உறைதான். பத்து உறை இறக்கி, மேலே பலகை மூடி, குழாயை உள்ளே விட்டுவிடுவார்கள். அடியில் தளம் கிடையாது. உள்ளே போனது அத்தனையும் மணல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கே போகிறது? கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைவு, அதனால் எண்ணெய் மாதிரி மேலே நிற்கும். நம் கிணறும் ஊற்றும் அந்த மெல்லிய அடுக்கிலிருந்துதான் எடுக்கின்றன. ஆழமாகப் போனால் உப்பு என்பதால் எல்லோரும் ஆழமில்லாமல்தான் தோண்டுகிறோம். செப்டிக் டேங்க்கும் அதே அடுக்கில்தான் விடுகிறது. ஒரே பானையில் ஒருபக்கம் ஊற்றி மறுபக்கம் மொள்கிற மாதிரி.

மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று கூப்பிட்டார்கள். மோட்டார் பழுது என்று நினைத்திருந்தார்கள். உறைக் குழியிலிருந்து கிணற்றுக்கு நடந்து பார்த்தேன், பதினோரு எட்டு. மூத்தவர் கேட்டார்: “அப்ப இத்தனை வருஷமா என்ன தம்பி குடிச்சோம்?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டு, குடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, அப்படியானால் முறையாகக் கட்டுவது எப்படி?

செப்டிக் டேங்க்குக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு, எண் 2470. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது சொல்கிற அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.05 மீட்டர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். கேட்பவர்களுக்கு இவ்வளவு சின்னதா என்று ஏமாற்றமாக இருக்கும். பெரிதாகக் கட்டுவதில் பெருமை இல்லை. தளமும் சுவரும் பூசிக் கசிவில்லாமல் இருக்க வேண்டும், முடிந்தால் நடுவில் தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறை, வாயுக் குழாயின் வாயில் கொசுவலை. கொசுவலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வீடு கொசுவத்தி வாங்குவார்கள்.

டேங்க்கிலிருந்து வெளியே வரும் தண்ணீர் சுத்தமானது என்று நினைக்க வேண்டாம். அது உறிஞ்சிக் குழிக்குப் போக வேண்டும், அந்தக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது அறுபது அடி, தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கிணறு மட்டும் கணக்கில்லை, பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்த்தி. கீழக்கரை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் அறுபது அடி என்றால் மூன்று வீடு தாண்ட வேண்டும் என்று ஒரு காக்கா (அந்த ஊரில் முஸ்லிம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) சிரித்தார். உண்மைதான். அப்படிப்பட்ட இடத்தில் உறிஞ்சிக் குழியே வேண்டாம். கசியாத தொட்டி கட்டி அடிக்கடி லாரி வைத்து எடுப்பது ஒன்றுதான் வழி. செலவு பிடிக்கும். நான் வேறு மாதிரிச் சொல்லி உங்கள் மனசைக் குளிர வைக்க முடியாது.

தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கிற இடங்களில் குழியைத் தரைக்குமேல் உயர்த்தி, சுற்றி மண் அணைத்துக் கட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வருகிறது என்பதைப் பார்த்து அதற்கு மேலே குழியின் அடிப்பகுதி இருக்க வேண்டும். சித்திரையில் தோண்டிப் பார்த்துவிட்டுக் காய்ந்துதான் கிடக்கிறது என்று கட்டாதீர்கள்.

டேங்க்கின் வழிதண்ணீரை வாசல் வாறுகாலில் விடலாமா? எல்லோரும் அப்படித்தான் விடுகிறார்கள்.

விடக்கூடாது. வாறுகால் என்கிற தெருவோர வடிகால் மழைத்தண்ணீருக்கு. அது கடைசியில் ஊருணிக்கோ கண்மாய்க்கோ கடலுக்கோதான் போகும். நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974, பிரிவு 24, ஓடை, கிணறு, சாக்கடை, நிலம் எதிலும் மாசுப்பொருளைத் தெரிந்தே விடுவதைத் தடை செய்கிறது. எல்லோரும் விடுகிறார்கள் என்பது நோட்டீஸுக்குப் பதிலாகாது.

லாரியைக் கூப்பிடும்போது என்ன கேட்க வேண்டும்?

இரண்டே கேள்வி. உரிமம் இருக்கிறதா? எங்கே கொட்டுவீர்கள்?

தமிழ்நாட்டில் செப்டிக் டேங்க் கழிவைக் கையாள 2014-இலேயே அரசு வழிகாட்டு நெறிமுறை வந்துவிட்டது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, கழிவை உறிஞ்சி எடுத்துப் போகும் வண்டிக்கு உள்ளாட்சி உரிமம் வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். எடுத்த கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். வாடகை ரொம்பக் குறைவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். டீசல் செலவை மிச்சம் பிடிக்க ஒரே வழி, வழியிலேயே கொட்டுவதுதான். ஒருநாள் விடியற்காலை, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் லாரி ஒன்று பின்பக்கமாக நின்றிருந்தது. விளக்கு அணைத்திருந்தது, ஹோஸ் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்மாயில் எட்டு மணிக்கு மாடு குளிப்பாட்டுவார்கள்.

காலி செய்யும்போது ஒரு சொட்டுக்கூட இல்லாமல் வழித்தெடுக்கச் சொல்லாதீர்கள். அடியில் கொஞ்சம் கசடு இருந்தால்தான் பாக்டீரியா மறுபடி வேலையைத் தொடங்கும். வண்டி கிடைக்காவிட்டாலோ அவசரமென்றாலோ 14420 உதவி எண் இருக்கிறது.

அடைப்பு கொஞ்சம்தான். ஓர் ஆளை இறக்கி எடுத்துவிடலாமே?

இறக்கக்கூடாது. எவ்வளவு காசு கொடுத்தாலும், அவரே சரி என்றாலும், பத்து நிமிட வேலை என்றாலும்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்குவதை எல்லோருக்கும் தடை செய்கிறது. நகராட்சி, ஒப்பந்தக்காரர் மட்டும் என்று நினைக்காதீர்கள், வீட்டு உரிமையாளரும் சேர்த்திதான். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஐந்து வருடம், 5 லட்சம் வரை. இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை 2014-இல் 10 லட்சம் என்று வைத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஆள்நுழைவுக் குழி என்ற பேரையே மாற்றி இப்போது மெஷின் ஹோல் என்று எழுதுகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மூடியைத் திறந்ததும் முட்டை நாற்றம் வரும். கம்பியால் கலக்கினால் சேற்றிலிருந்து வாயு குமிழியாகக் கிளம்பும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு ஆனதும் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற அந்த நிமிடம்தான் ஆளை எடுக்கிறது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போன தம்பியும் விழ, அவரைத் தூக்கப் போன மாமனும் விழுவார். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போவது இப்படித்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் என்னையும் இடுப்பளவு இறக்கியிருக்கிறார்கள். அது தைரியம் இல்லை, கேட்பாரற்ற காலம்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ், சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். எங்களுக்குத் தனி விதியா?

ஆமாம். லாட்ஜ் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். கட்டும்போது ஒன்று, நடத்தும்போது ஒன்று. சொந்தச் சுத்திகரிப்பு அமைப்பு வைத்திருந்தால் அது ஓட வேண்டும். ஆய்வுக்கு வருகிற நாளில் மட்டும் சுவிட்சைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள பாக்டீரியா ஒரு நாளில் வளர்ந்துவிடாது, தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

சாப்பாட்டுக் கடைக்கு முக்கியம் எண்ணெய் பிரிக்கும் தொட்டி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் முதலில் அதில் நின்று, எண்ணெய் மிதந்து, அடித்தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போக வேண்டும். பொதுச் சாக்கடையில் விடும் தொழிற்கழிவுநீரில் எண்ணெய் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வாரம் ஒருமுறை மேல் ஆடையை எடுக்காவிட்டால் தொட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். வடை சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பயோடீசலுக்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மீன் கம்பெனி, நண்டுக் கம்பெனி, ஐஸ் ஆலைக்கு?

வீட்டுச் சாக்கடையின் மாசை அளக்க பி.ஓ.டி. என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரிலுள்ள அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் அது. வீட்டுக் கழிவில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். மீனும் நண்டும் கழுவிய இரத்தத் தண்ணீரில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். விதியோ, பொதுச் சாக்கடையில் விட 350, கடலில் விட 100, ஆறு குளத்தில் விட 30 என்கிறது. ஆகவே கம்பெனிக்குள்ளேயே சுத்திகரித்த பிறகுதான் வெளியே விட முடியும். செதிலும் குடலும் ஓட்டையில் போகாமல் சல்லடை வைத்தாலே பாதிப் பாரம் குறையும், அந்தக் கழிவைக் கோழித் தீவனத்துக்கு எடுத்துப் போவார்கள். ஐஸ் ஆலையில் அவ்வளவு தொல்லை இல்லை, உப்புக் கரைசலைக் கிணற்றுப் பக்கம் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இறால் பண்ணைக்காரர்கள் கேட்டால்: அது நகராட்சி விஷயமே இல்லை, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இன்படி பதிவு செய்ய வேண்டும்; 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் கட்டாயம்.

கடல் எவ்வளவு பெரிது! நம் ஊர்ச் சாக்கடை அதில் போனால் என்ன ஆகிவிடும்?

படகுக்காரர்களே இதைக் கேட்பதுதான் எனக்கு வருத்தம். கணக்கிலேயே சொல்கிறேன். குளிக்கத் தகுந்த கடல்நீரில் மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிக்கு 100-க்குள் இருக்க வேண்டும். பச்சைச் சாக்கடையில் அது ஒரு கோடி வரை இருக்கும். அப்படிப்பட்ட ஒரு லிட்டரை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க ஒரு லட்சம் லிட்டர் கடல்நீர் வேண்டும். அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கு முங்குகிறவர்கள் நடுக்கடலில் போய் முங்குவதில்லை, கரையோரத்து முழங்கால் தண்ணீரில்தான் முங்குகிறார்கள். சாக்கடையும் அங்கேதான் வந்து சேர்கிறது.

வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் ஆழம் குறைவு, அலை குறைவு. ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. விட்டது அடித்துக்கொண்டு போகாது, அங்கேயே சுற்றும். ஆண்கடலில் அலை உண்டு, ஆனால் பவளப்பாறை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல் தேசியப் பூங்கா. சாக்கடையின் சத்தில் பாசி செழிக்கும்; பாசி மூடினால் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் வெளிச்சம் கிடைக்காது. கடற்புல் போனால் அதை மேயும் ஆவுளியா என்கிற கடற்பசு போகும், அதில் குஞ்சு வளர்க்கும் மீனும் இறாலும் போகும். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் தண்ணீர் பச்சைப்பசேலென்று மாறி மீன் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்தது. அதைச் சாக்கடைதான் கொண்டுவந்தது என்று சொல்ல வரவில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அன்று கரையில் நின்ற எல்லோரும் பார்த்தோம்.

சட்டத்தைக் கேட்டால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்து, 2011-இலும் 2019-இலும் மாறி மாறி வந்தது. எத்தனையோ தளர்த்தினார்கள். ஊர்களின் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலில் விடக்கூடாது என்ற தடையை மட்டும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கிணற்றோரம் குழி தோண்டுகிறார். யாரிடம் சொல்வது?

முதலில் அவரிடமே. அறுபது அடிக் கணக்கைச் சொல்லி, டேப்பைப் பிடித்து அளந்து காட்டுங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நகராட்சி சுகாதார ஆய்வாளர், பிறகு ஆணையாளர். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராமம் என்றால் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், போட்டோ எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் உண்டு, 1100 எண்ணிலும் புகார் பதியலாம். கம்பெனி, லாட்ஜ் என்றால் நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம். கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை சோதித்து, முடிவை மனுவோடு இணைத்தால் பேச்சுக்குக் கனம் கூடும். மணிக்கணக்காக நின்று வாதாடுவதைவிட அந்த ஒரு தாள் மேல்.

கழிப்பறையில் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

கொஞ்சமாக, எப்போதாவது. பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் டேங்க்கில் வேலை பார்க்கும் பாக்டீரியா செத்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

வீட்டில் விசேஷம், ஐந்நூறு பேர் வருகிறார்கள். ஏர்வாடி சந்தனக்கூடு நேரத்திலும் உறவுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். டேங்க் தாங்குமா?

ஐந்து பேருக்குக் கட்டியது தாங்காது. பத்து நாள் முன்னாலேயே காலி செய்துவிடுங்கள். திருவிழா வாரத்தில் லாரி கிடைக்காது, கிடைத்தாலும் கேட்ட வாடகைதான். வாடகைக்கு நடமாடும் கழிப்பறை கிடைத்தால் எடுங்கள்.

பிரியாணித் தேக்சா கழுவுகிற விஷயம்தான் எல்லோரும் மறப்பது. ஒரு தேக்சாவில் ஒட்டியிருக்கிற நெய்யும் எண்ணெயும் சுடுதண்ணீரில் சுலபமாகப் போய்விடும், பத்தடி தள்ளிக் குழாயில் குளிர்ந்ததும் மறுபடி கல்லாகும். கழுவும் முன்னால் அடுப்புச் சாம்பலைப் போட்டுத் துடைத்து, அந்தச் சாம்பலைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். சமையல் பண்டாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பந்தி முடிந்த பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது.